கோடு எடுக்காத முகம்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் முனிகிருஷ்ணன் ஸ்டுடியோ என்று சொன்னால் அந்தக் காலத்தில் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். பிரிஜெட் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வட்டாரத்தில் கல்யாணமாகிப் போன பெண்களில் பாதிப் பேருடைய முகத்தை பிரிஜெட் ஆன்ட்டியின் பென்சில் முனை தொட்டிருக்கிறது. படத்தின் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்பில் முனிகிருஷ்ணன் பெயர் இருக்கும். முன்பக்கம் பரு இருக்காது, அம்மைத் தழும்பு இருக்காது, கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்காது. அதெல்லாம் இல்லாமல் போயிருக்கிறதே, அதுதான் ஆன்ட்டியின் வேலை.

ஸ்டுடியோவில் அதற்கு டச்சிங் என்று பேர். சாய்வான ஒரு கண்ணாடிப் பலகை. அதன் அடியில் இன்னொரு கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தை மேலே தள்ளும். பலகைமேல் நெகட்டிவை வைத்து, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணில் லென்ஸைச் செருகி, ஊசிபோல் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். நெகட்டிவில் எல்லாம் மாறித் தெரியும். கூந்தல் வெள்ளை, பல் கருப்பு. முகத்தில் கருப்பாக இருக்கும் கோடு அங்கே வெறும் கண்ணாடியாகத் தெரியும். அந்த வெறுமையைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் படத்தில் கோடு போய்விடும். அவ்வளவுதான் வித்தை. ஆன்ட்டி இன்னொன்றும் செய்வார். நெகட்டிவைத் தலைகீழாக வைத்துக்கொள்வார்.

"நேரா வச்சா ஆளு தெரியும்பா. ஆளு தெரிஞ்சா பேச்சு குடுக்கத் தோணும். வேல ஓடாது."

நான் அவரைச் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். தொண்ணூற்று இரண்டில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு, எங்கள் ஊரிலேயே முதல் பட்டதாரி என்ற மிதப்போடு பெங்களூர் வந்து, ஈஜிபுராவில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். வேலைக்கு விண்ணப்பிக்க முனிகிருஷ்ணன் ஸ்டுடியோவில் படம் எடுத்தேன். ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பினேன். சின்ன வயதில் கருவேல முள் கிழித்த தழும்பு என் புருவத்தில் உண்டு. படத்தில் அது இல்லை. "இது யாரு, உன் கூட்டாளியா?" என்று அம்மா ஆள்விட்டுக் கேட்டாள். நான் நேரே ஸ்டுடியோவுக்குப் போய், என் தழும்பு எங்கே என்று கேட்டேன்.

முனிகிருஷ்ணன் வாயைப் பிளந்தார். "ஏன்பா, காசு குடுத்து எடுக்கச் சொல்றவங்கள பாத்திருக்கேன். எடுத்த தழும்ப திருப்பி வேணும்னு கேக்கற கிராக்கிய இப்பத்தான் பாக்கறேன்."

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். ஒல்லியாக, நரைத்த கொண்டையோடு, கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஓர் அம்மாள் வெளியே வந்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்கு?"

"பி.எஸ்ஸி."

"அதான். படிச்ச புள்ளைக்குத் தழும்புகூட சொத்து." அன்றிலிருந்து எனக்கு அந்தத் தெருவில் டிகிரி என்று பேர்.

பிரிஜெட் ஆன்ட்டி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாதா கோயில், ஸ்டுடியோ, நீலசந்திரா மார்க்கெட், பிறகு வீடு. அவர் பார்த்த உலகமெல்லாம் ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தது. அதனாலேயே கண் கெட்டது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு, "வாரத்தில் ஒரு நாளாவது ரொம்ப தூரத்தில் இருப்பதைப் பாருங்கள்" என்றாராம்.

"ஆஸ்டின் டவுன்ல தூரம் எங்க இருக்கு டிகிரி? எந்தப் பக்கம் பாத்தாலும் அடுத்த வீட்டுச் செவுருதான்."

ஈஜிபுராவைத் தாண்டி, தைலமரத் தோப்பையும் தாண்டிப் போனால் ஓர் ஏரி இருந்தது. அதன் பெயரைச் சொன்னால் இன்று எல்லோரும் மூக்கைப் பிடிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை. அப்போது அதில் வானம் முழுசாக விழுந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய பைனாகுலரோடு நான் அங்கே பறவை பார்க்கப் போவதுண்டு. காலைப் பூசை முடிந்ததும் ஆன்ட்டியும் என்னோடு வர ஆரம்பித்தார்.

பறவைகளின் பெயர் எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. கரையில் துண்டு விரித்து உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மார்கழிப் பனியில் எதிர்க்கரை இருக்காது. வெள்ளைக்குள்ளிருந்து நாமக்கோழி ஒன்று நடந்து வரும், வெள்ளைக்குள்ளேயே போய்விடும். தூரத்தில் வாத்துகள் விசிலடிப்பது யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல் கேட்கும். சில நாள் நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பியிருக்கிறோம்.

நகரத்தின் பறவை பார்ப்பவர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுவார்கள். கடைசிப் பக்கங்களில் அந்த வருடம் ஏரிகளில் கண்ட அரிய பறவைகளின் பட்டியல் இருக்கும்: பறவை, இடம், பார்த்தவர். ஒருநாள் கரையில் அதைப் புரட்டிய ஆன்ட்டி, பறவைகளை விட்டுவிட்டு மூன்றாவது பத்தியிலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் பாத்தவங்க பேரா? புதுசா ஒண்ணு பாத்தா போடுவாங்களா?"

"போடுவாங்க ஆன்ட்டி. ஆதாரம் வேணும். போட்டோ இருந்தா நல்லது."

"ஸ்டுடியோ பேரு இல்லாம? பாத்தவங்க பேரு மட்டும்?"

"மட்டும்."

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் அது அவர் மடியிலேயே இருந்தது.

தொண்ணூற்று மூன்று முடிந்து புது வருடம் பிறந்திருந்தது. இடிந்த பம்ப் ஹவுஸ் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். கிளுவைகள் கூட்டமாகக் கரையருகே தூங்கிக்கொண்டிருந்தன. கிளுவை என்பது சின்ன வாத்து. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருவது. பைனாகுலர் ஆன்ட்டியிடம் இருந்தது.

"டிகிரி, அந்தப் பொண்ணு ஏன் அழுதிருக்கு?"

"எந்தப் பொண்ணு?"

"ஓரத்துல ஒண்ணு. மை வழிஞ்சிருக்கு பாரு."

வாங்கிப் பார்த்தேன். கிளுவைகளுக்கு நடுவில் ஒரு முகம் மட்டும் வேறாக இருந்தது. வெண்ணெய் நிறக் கன்னம், பின்னால் பச்சைப் பிறை. கண்ணிலிருந்து நேராகக் கீழே, கன்னத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு கருப்புக் கோடு. கல்லூரி நூலகம் கழித்துக் கட்டிய பறவைப் புத்தகம் பையில் இருந்தது. வாத்துப் பக்கங்களைப் புரட்டினேன். ஒரே ஒரு படத்தில்தான் அந்தக் கோடு இருந்தது. பைக்கால் கிளுவை. சைபீரியாவில் பிறப்பது. குளிருக்குக் கிழக்கே போக வேண்டியது. எங்கோ வழி மாறி நம் பக்கம் வந்திருக்கிறது. குழுவின் பட்டியல்களில் நான் பார்த்தவரை அந்தப் பெயர் இல்லை.

"பொண்ணு இல்ல ஆன்ட்டி, ஆம்பள."

"ஆம்பளைக்கு என்ன அழுக?" என்றார். பிறகு மெதுவாக, "மொதல்ல பாத்தது நான்தானே?" என்று கேட்டார்.

"நீங்கதான்."

பம்ப் ஹவுஸ் சுவரைப் பிடித்தபடி அவர் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்புகிறவரைப்போல, யார் மீதும் இடித்துவிடாமல் இருக்க வேண்டும் என்ற கவனம் உடம்பு முழுக்க.

மறுநாளே முனிகிருஷ்ணனை இழுத்துக்கொண்டு போனோம். பத்திரிகை போட்டோகிராபர் ஒருவரிடம் முழங்கை நீள லென்ஸ் இரவல் வாங்கியிருந்தார். கேமராவில் பாதி ரோல் கருப்பு வெள்ளைதான் மிச்சம். பம்ப் ஹவுஸ் ஓட்டை வழியாக லென்ஸை நீட்டினார். வாத்து முதுகுக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கியது.

"என்னப்பா இது, பொண்ணு பாக்க வந்தா மூஞ்சிய மூடிக்கினு ஒக்காந்திருக்கு. கொஞ்சம் தல தூக்கும்மா, சின்லிஃப்ட், சின்லிஃப்ட்..."

பழக்கம் அவரை விடவில்லை. பனி கலைய ஆரம்பித்தபோது அது ஒரு முறை தலையைத் தூக்கியது. ஷட்டர் சத்தம் கேட்டதும் கூட்டமே எழும்பிப் பறந்தது. முகம் விழுந்தது ஒரே ஒரு பிரேமில்தான்.

மறுநாள் சாயங்காலம் இருட்டறையில் மூன்று பேரும் நின்றோம். சிவப்பு விளக்கு. தட்டில் மருந்துக்குள் வெள்ளைக் காகிதம். முதலில் தண்ணீரின் சுருக்கங்கள் வந்தன, பிறகு முதுகு, பிறகு தலை. அடியாழத்திலிருந்து ஒரு பறவை நீந்தி மேலே வருவதுபோல் வந்தது. கண் வந்தது. கன்னம் வந்தது.

"பாத்தியா டிகிரி! மூஞ்சி எப்படி பளபளன்னு விழுந்திருக்கு!" என்றார் முனிகிருஷ்ணன்.

"கோடு எங்க சார்?"

"எந்தக் கோடு?"

நான் காகிதத்தை மருந்துக்குள் முக்கி முக்கிப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. மாசு மருவில்லாத, கல்யாணப் பெண்ணின் கன்னம்போல் ஒரு வாத்துக் கன்னம்.

பிரிஜெட் ஆன்ட்டி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார். "மதியம் கிளிப்புல தொங்குனதெல்லாம் வரிசையா எடுத்தேன். பாஸ்போர்ட்டு, காலேஜ் பசங்க, ஒரு கல்யாணப் பொண்ணு. நடுவுல ஒண்ணுக்குக் கன்னத்துல நீளமா கீறல். பாவம், எங்க விழுந்துச்சோன்னு நெனச்சேன். ரெண்டு தொடுதான். நெரப்பிட்டேன்."

"அய்யோ, யாரு மூஞ்சின்னு பாக்கலியா பிரிஜெட்?"

"நான் எப்ப சார் யாரு மூஞ்சிய பாத்திருக்கேன்?"

தலைகீழாக, மாறிய நிறத்தில், கடுகுபோல் ஒரு முகம். வாத்தோ மனிதனோ, கை தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தக் கோடு இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு வாத்து. பட்டியலில் அதற்கு இடமில்லை. பார்த்தவர் பெயருக்கும் இடமில்லை.

ஆன்ட்டி மறுநாள் காலையில் நல்ல வெளிச்சம் வரும்வரை காத்திருந்து, பஞ்சை டர்பன்டைனில் நனைத்து, அந்த நெகட்டிவை ஒற்றி ஒற்றித் துடைத்தார். முதன்முறையாக அதை நேராக வைத்திருந்தார். பென்சில் கரி பஞ்சில் ஏறியது. மறுபடி படம் போட்டோம். மருந்துக்குள் முகம் வந்தது, கண் வந்தது, கண்ணிலிருந்து, யாரோ அப்போதுதான் அழ ஆரம்பித்ததுபோல், கோடு இறங்கியது.

முனிகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். "ஆயித்து, முடிஞ்சுது. பிரிஜெட், அந்தப் பெரியவர்கிட்ட போயி இந்தப் பென்சில் கதையெல்லாம் ஒளறாத. சும்னே, சும்மா நீட்டு, பேர எழுதிக்கினு வா. யாருக்குத் தெரியப் போவுது?"

பெரியவர் என்றது சீனிவாசராகவனை. மல்லேஸ்வரத்தில் இருந்தார், ஓய்வுபெற்ற என்ஜினியர். பட்டியலில் எது சேரும், எது சேராது என்று முடிவு செய்பவர். ஆன்ட்டி கோயிலுக்குக் கட்டும் நீலப் புடவையில் வந்தார். நான் பறவையைப் பற்றி எழுதி, அடியில் என் பெயரையும் பட்டத்தையும் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

சீனிவாசராகவன் படத்தைப் பார்த்தார். எழுந்து ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"இது அதுதான். பைக்கால்தான். இத்தனை வருஷத்துல நான் பார்த்ததில்லே. எந்த மகானுபாவர் கண்ல பட்டுது?"

"இவங்கதான் சார். பிரிஜெட் ஆன்ட்டி."

"பேஷ். உக்காருங்கோம்மா." பேனாவைத் திறந்தார். பிறகு வழக்கமான கேள்விகள்: எந்த ஏரி, வெளிச்சம் எப்படி, எவ்வளவு தூரம். கடைசியாக, தலையைத் தூக்காமலே, "நெகட்டிவ்ல யாரும் கை வைக்கலையே? எல்லாரையும் கேக்கறதுதான், தப்பா எடுத்துக்காதீங்கோ," என்றார்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் முகத்தில் பயமே இல்லை. யாரோ வாசலில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வச்சேன் சார்."

பேனா நின்றது. ஆன்ட்டி எல்லாவற்றையும் சொன்னார். தலைகீழாக வைப்பதை, கீறல் என்று நினைத்ததை, டர்பன்டைனை. சுத்தக் கன்னத்தோடு இருந்த முதல் படத்தையும் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

சீனிவாசராகவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சுத்தமான வேலை," என்று முணுமுணுத்தார். பிறகு, "சங்கடமா இருக்கும்மா. இவ்வளவு அழகா அழிக்கத் தெரிஞ்ச கை, போடவும் போடுமேன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்றது? நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றார்.

"நான் கை வச்சதை இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்ல சார். கேட்டதும் இல்ல. இந்தப் பையன் ஒருத்தன் தழும்பைத் திருப்பிக் கேட்டான். அதை விட்டா நீங்கதான். கேட்டுட்டீங்க, நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை நானும் வரேன். நம்ம கண்ணால பார்த்துட்டா போட்டோவே வேண்டாம்."

திரும்பும் பஸ்ஸில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். ஆன்ட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். "சுத்தமான வேலைன்னாரு, கேட்டியா?" என்றார் ஒரு முறை. சிவாஜிநகர் வந்தபின், "கேட்டியா டிகிரி?" என்றார் மறுபடி.

ஞாயிறன்று பனி எப்போதையும்விடக் கனமாக இருந்தது. பக்கத்தில் நிற்பவர் குரல்கூட எங்கோ போய்விட்டுத் திரும்பி வருவதுபோல் கேட்டது. பம்ப் ஹவுஸ் சுவரோரம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். வெள்ளைக்குள்ளிருந்து கிளுவைகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. ஒவ்வொரு முகமும் இதுதானோ என்று தோன்றி, நெருங்கியதும் வேறொன்றாகிப் போனது. சில நேரம் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. வாத்துகள் இரண்டுக்கும் நடுவில் தூங்கின. வெயில் வந்தது. ஏரி வந்தது, எதிர்க்கரை வந்தது, அதன் பின்னால் கட்டிக்கொண்டிருந்த கட்டடங்களும் வந்தன. அந்த முகம் மட்டும் வரவில்லை.

"எங்கேயிருந்தோ வந்தது, எங்கேயோ போயிடுத்து," என்றார் சீனிவாசராகவன். எழுந்திருக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "எப்படி இருந்ததுன்னு சொல்லுங்கோ, கேக்கறேன்."

ஆன்ட்டி எதிர்க்கரையைப் பார்த்தபடியே சொன்னார். "கண்ணு சின்னது சார். நெத்தி கருப்பு. கன்னம் ரெண்டா இருக்கும். இந்தப் பக்கம் வெண்ண, அந்தப் பக்கமும் வெண்ண, நடுவுல மை. தல தூக்குறப்ப ஒரு தோரணை. அழுதுட்டு, யாரும் பாக்கலன்னு நெனச்சு நிமிருவாங்க இல்ல, அது மாதிரி."

பட்டியல் அடுத்த கோடையில் வந்தது. அரிய பறவைகளின் வரிசையில் பைக்கால் கிளுவை இல்லை. அதெல்லாம் முடிந்து, கீழே ஒரு கோடு போட்டு, உறுதி செய்யப்படாதவை என்று ஒரு தலைப்பு இருந்தது. அதன் அடியில் அந்த ஒரு வரி மட்டும்தான். பைக்கால் கிளுவை. பார்த்தவர்: செல்வி பிரிஜெட், ஆஸ்டின் டவுன். கூடவே என் பெயர். பி.எஸ்ஸி.யை விட்டுவிட்டார்கள்.

ஆன்ட்டி வெகுநேரம் அந்த வரியைப் பார்த்தார். பிறகு டச்சிங் பென்சிலை எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் அச்செழுத்துபோலவே பி.எஸ்ஸி. என்று எழுதி, என் பிரதியை நீட்டினார்.

"உனக்கு மட்டும் டச்சிங்."

"உறுதி செய்யப்படாதவைன்னு போட்டுட்டாங்களே ஆன்ட்டி."

"அது வாத்துக்குப்பா. எம் பேரு உறுதியாத்தானே போட்டிருக்கு?"

ஸ்டுடியோ வாசலில் ஒரு ஷோகேஸ் உண்டு. ஜரிகைப் புடவைப் பெண்களும், மொட்டையடித்த குழந்தைகளும், பட்டமளிப்புக் கறுப்பு அங்கியில் சில பையன்களும் அதில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நடுவில் முனிகிருஷ்ணன் அந்த வாத்தைப் பெரிதாக்கி மாட்டினார். எல்லா முகமும் துடைத்துவிட்டதுபோல் இருக்க, அது மட்டும் தன் கோட்டோடு நின்றது. வந்தவர்களெல்லாம் இது என்ன சார் என்று கேட்டார்கள். "வாத்து. நம்ம பிரிஜெட் பாத்தது," என்பார் அவர். "எந்த பிரிஜெட்?" என்று கேட்டால், திரைச்சீலையை விலக்கிக் காட்டுவார்.

மழைக்காலத்தில் சீனிவாசராகவன் ஸ்டுடியோவுக்கு வந்தார். மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறாராம், பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டுமாம். மல்லேஸ்வரத்தில் இல்லாத ஸ்டுடியோவா? குடையோடு ஷோகேஸ் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார். படம் எடுத்து முடிந்ததும் திரைச்சீலைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இந்தக் கண்ணுக்குக் கீழே தொங்கறதே, அதை மட்டும் கொஞ்சம்... ரெண்டு தொடு?"

பிரிஜெட் ஆன்ட்டி லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"எடுத்துடலாம் சார். அப்புறம் ஏர்போர்ட்ல உங்களையும் உறுதி செய்யப்படாதவைல போட்டுட்டாங்கன்னா?"

முனிகிருஷ்ணன் இருட்டறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார். சீனிவாசராகவன் முதலில் சிரிக்கவில்லை. பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே தொங்கியதெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"இருக்கட்டும், விடுங்கோ," என்றார். "அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் அவருடைய நெகட்டிவை ஆன்ட்டி பலகையில் நேராக வைத்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தொடாமல் கிளிப்பில் மாட்டினார்.